கிளிக்கு யார் தீனி போட்டது?

பழைய கதையைப் புதிதாகச் சொல்ல வருகிறவர்கள் பேனாவை எடுப்பதற்கு முன்னால் சுவரில் படம் ஒட்டுகிறார்கள். அந்தச் சுவர் கதையை என்ன செய்கிறது?

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி ஓர் ஆலமரம். மரத்தில் ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு கிளி. அந்தக் கிளிக்குள்தான் ராட்சசனின் உயிர் இருக்கிறது.

எனக்கு இதைச் சொன்னது ஆச்சி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர், கரண்ட் போன ராத்திரி, ஆச்சியின் கையில் பனையோலை விசிறி. “பொறவு என்ன ஆச்சு ஆச்சி?” என்று கேட்பேன். “பொறவென்ன, ராசகுமாரன் கிளி கழுத்தத் திருகிட்டான். அங்க ராட்சசன் பொத்துன்னு விழுந்தான். கண்ண மூடுட்டி” என்பாள். மூடிவிடுவேன். கதை சரியாக முடிந்த நிம்மதியில் தூக்கமும் வந்துவிடும்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் இந்தக் கதையைப் பெரியவர்கள் படிக்கும் குறுநாவலாக எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். ராட்சசன் ராட்சசனாகவே இருந்தான். ராஜகுமாரன் ராஜகுமாரனாகவே இருந்தான். ஆச்சி நாலு நிமிஷத்தில் சொன்னதை நான் நாற்பது பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது சினிமாவில் கலை இயக்குநர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கும் தோழி வீட்டுக்கு வந்தாள். என் மேஜையைப் பார்த்தாள். வெறும் காகிதங்கள். “ரெஃபரன்ஸ் எங்கடி?” என்றாள். எழுதுவதற்கு எதற்கு ரெஃபரன்ஸ் என்றேன். “அப்ப எதைப் பாத்து எழுதற?” என்று கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு பெரிய தெர்மாகோல் அட்டையும் ஒரு டப்பா குண்டூசியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கையில் கிடைத்ததை எல்லாம் குத்தினேன். ஆலம் விழுது, மலைப்பாதை, கோயில் விதானத்து ஓவியம் ஒன்று, கரையில் துருப்பிடித்துக் கிடக்கும் படகு. கிளி வேண்டுமே என்று தேடியபோது, கோயில் வாசலில் என்றோ நானே எடுத்த கிளி ஜோசியக்காரர் படம் கிடைத்தது. கிளி சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஜோசியக்காரர் அதற்கு நெல் நீட்டுகிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே ஒரு நெல்மணி.

மூன்று நாள் அந்தப் படத்தின் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தேன். மூன்றாவது நாள் அந்த விரல்கள் கண்ணில் பட்டன. ராட்சசன் இருப்பது ஏழு கடலுக்கு இந்தப் பக்கம். கிளி இருப்பது அந்தப் பக்கம். கிளி செத்தால் அவனும் செத்துப்போவான். அப்படியானால் இத்தனை வருஷமாகத் தினம் தினம் அந்தக் கூண்டுக்குள் நெல் வைத்தது யார்? தண்ணீர் மாற்றியது யார்?

ஆச்சி இதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. ஒரு புகைப்படம் கேட்டது. அன்றைக்குத்தான் என் நாவல் தொடங்கியது.

மூன்று படங்களில் ஒன்று

விளம்பர நிறுவனங்களிலும் ஆடை வடிவமைப்பாளர்களிடமும் சினிமாவிலும் இதற்கு மூட் போர்டு என்று பெயர். ஒரு வேலையின் நிறம், வெளிச்சம், துணி, முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படங்களாகச் சேர்த்து ஒரே பலகையில் வைப்பது. 2010-இல் பின்ட்ரெஸ்ட் வந்த பிறகு அந்தப் பலகை கைபேசிக்குள் போய்விட்டது. தேவதைக் கதைகளையும் நாட்டுப்புறக் கதைகளையும் மறுபடி எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இன்று இதைச் செய்கிறார்கள். பழக்கம் மட்டும் கைபேசியைவிட மிகப் பழையது.

1845 நவம்பரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பயணத்தில் இருந்தார். கிராஸ்டென் என்ற ஊரின் கோட்டையில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது ஒரு பஞ்சாங்க இதழின் ஆசிரியரிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. உள்ளே மூன்று படங்கள். ஏதாவது ஒன்றுக்குக் கதை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். ஆண்டர்சன் தேர்ந்தெடுத்தது யோஹான் தோமஸ் லுண்ட்பியே என்ற ஓவியர் வரைந்த படம். கையில் தீக்குச்சிக் கட்டோடு நிற்கும் ஏழைச் சிறுமி. அதிலிருந்து பிறந்ததுதான் உலகமே அறிந்த தீக்குச்சிச் சிறுமியின் கதை.

அந்தப் படம் ஆண்டர்சனுக்குள் எதைத் தொட்டிருக்கும் என்று யோசிக்கிறேன். அவருடைய அம்மாவைச் சின்ன வயதில் பிச்சை எடுத்து வரும்படி வீட்டைவிட்டு அனுப்பினார்கள். கேட்க வாய் வராமல் அவர் ஒரு பாலத்தின் அடியில் உட்கார்ந்து நாள் முழுக்க அழுதிருக்கிறார். ஆண்டர்சன் தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். கடிதத்தில் வந்த மூன்று படங்களில் அவர் கை எதன்மேல் போயிருக்கும் என்பதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. லுண்ட்பியேவின் சிறுமி வெறுமனே நிற்கிறாள். அவளை வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவளாக ஆக்கியது ஆண்டர்சன். காசில்லாமல் போனால் அப்பா அடிப்பார் என்ற பயம் படத்தில் எங்கும் இல்லை. பார்த்தவருக்குள் இருந்தது.

ஆண்டர்சன் கத்தரிக்கோல் வைத்திருந்த எழுத்தாளர். கதை சொல்லிக்கொண்டே காகிதத்தை மடித்து வெட்டுவார். கதை முடியும்போது காகிதத்தைப் பிரித்தால் அன்னம், ஆடுகிற பெண், தூக்குமரம் என்று ஏதாவது விரியும். அப்படி வெட்டிய உருவங்களில் ஆயிரம் அளவுக்கு இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நண்பர்களின் குழந்தைகளுக்குப் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிப் படப்புத்தகங்கள் செய்து கொடுத்தார். கடைசிக் காலத்தில், 1873-74-இல், உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்தபோது எட்டு மடிப்புகள் கொண்ட ஒரு தடுப்புத்திரை முழுக்கப் படங்களாக ஒட்டினார். டென்மார்க்குக்கு ஒரு மடிப்பு, பிரான்சுக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று, குழந்தைப் பருவத்துக்கு ஒன்று, நாடக மேடைக்கு ஒன்று. முகங்கள்மேல் முகங்கள், கோபுரங்களுக்கு நடுவில் கைக்குழந்தைகள். அந்தத் திரை இப்போது அவர் பிறந்த ஓடென்ஸே நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்பிறகு அவர் பெரிதாக எதுவும் எழுதவில்லை. எழுத முடியாத கை படம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பலகை கதையைத் தின்றபோது

படங்களைச் சுவரில் வரிசையாகக் குத்திக் கதையைத் திட்டமிடும் முறை டிஸ்னி ஸ்டுடியோவில் 1930-களின் தொடக்கத்தில் உருவானது. வெப் ஸ்மித் என்ற கதை ஓவியர் தன் படங்களைப் பலகையில் குத்தி வைக்க ஆரம்பித்தார். 1933-இல் வந்த மூன்று பன்றிக்குட்டிகள் குறும்படம் அப்படித்தான் திட்டமிடப்பட்டது. 1935-இல் வால்ட் டிஸ்னி ஐரோப்பா போய்த் திரும்பும்போது முந்நூறுக்கும் மேற்பட்ட படப்புத்தகங்களை வாங்கிக்கொண்டு வந்தார். குஸ்தாவ் டோரே, ஆர்தர் ராக்கம் போன்றவர்கள் படம் வரைந்த கதைப்புத்தகங்கள். அவை ஸ்டுடியோ நூலகத்துக்குப் போயின, ஓவியர்கள் அவற்றைப் புரட்டினார்கள். 1937-இல் வந்த ஸ்னோ ஒயிட்டின் காட்டில் கிளைகள் கையாக நீளுகின்றனவே, அந்த மரங்கள் ஐரோப்பியப் புத்தக ஓவியங்களுக்கு உறவு. ஆல்பர்ட் ஹர்ட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரரும் குஸ்தாப் டெங்ரன் என்ற ஸ்வீடன்காரரும் படத்தின் உலகம் எப்படி இருக்கும் என்று காட்டும் ஓவியங்களை வரைந்து குவித்தார்கள். திரையில் வராத ஓவியங்களே அதிகம். மனநிலையை உண்டாக்குவதுதான் அவற்றின் வேலை.

அதே ஸ்டுடியோவில் பலகை கதையைத் தின்றுவிட்ட சம்பவமும் உண்டு. நியூயார்க்கில் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒற்றைக்கொம்புக் குதிரை வேட்டையைச் சொல்லும் ஏழு திரைச்சீலைகள் தொங்குகின்றன. 1500-ஐ ஒட்டி நெய்தவை. ஓவியர் ஜான் ஹென்ச் அவற்றைப் பார்த்துவிட்டு, தூங்கும் அழகி படத்துக்கு இதுதான் சரியான தோற்றம் என்று டிஸ்னியிடம் கொண்டுபோனார். பொறுப்பு ஐவிண்ட் ஏர்ல் என்ற ஓவியரிடம் வந்தது. அவர் திரைச்சீலைகளோடு நிற்கவில்லை. பெர்ரி கோமகனுக்காகத் தீட்டப்பட்ட பிரெஞ்சு ஓவியச் சுவடி, ட்யூரர், புரூகல், பாரசீகச் சிற்றோவியங்கள் என்று எல்லாவற்றையும் தன் மனப்பலகையில் ஏற்றினார். மரங்கள் சதுரமாயின. ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரிந்தது. சாதாரணமாக ஒரு நாளில் முடிகிற பின்னணி ஓவியத்துக்கு அவருக்கு வாரத்துக்கு மேல் பிடித்தது. படம் 1959 ஜனவரியில் வெளிவந்தபோது செலவு அறுபது லட்சம் டாலர். முதல் ஓட்டத்தில் அந்தப் பணம் திரும்பவில்லை. அதற்கு அடுத்தபடியாக அந்த ஸ்டுடியோ தேவதைக் கதைக்குத் திரும்பியது 1989-இல், சின்னக் கடற்கன்னியோடு.

எனக்கு அந்தப் படத்தின் காடு பிடிக்கும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் கதையின் நாயகி சுமார் 18 நிமிடம்தான் திரையில் இருக்கிறாள். தான் இளவரசி என்று தெரியவரும் காட்சிக்குப் பிறகு அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. இத்தனை இலைகளை எண்ணி எண்ணி வரைந்தவர்களில் ஒருவராவது அவளுக்கு என்ன தோன்றியது என்று கேட்டிருக்கலாம். பலகையிலிருந்த எல்லாப் படங்களும் அவளைச் சுற்றியிருந்ததைப் பற்றியவை. அவளைப் பற்றிய படம் ஒன்றுகூட இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் திரைச்சீலைகளுக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மாளிகையிலிருந்து பறிபோய்ப் பல காலம் பழமரங்களையும் உருளைக்கிழங்குகளையும் குளிரிலிருந்து காக்கும் போர்வையாகக் கிடந்தன. பின்னால்தான் மீட்கப்பட்டன. தூங்கும் அழகியை நான் எழுதுவதாக இருந்தால் என் பலகையில் அந்த உருளைக்கிழங்கு மூட்டைதான் முதலில் ஏறும். நூறு வருஷம் எல்லோரும் மறந்துபோன ஓர் அழகு என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்காது.

இரண்டு வெளிச்சம்

பலகை வேலையை மிகச் சரியாகச் செய்தவர் என்று நான் நினைப்பது பிரெஞ்சு இயக்குநர் ழான் காக்தோவை. 1945 ஆகஸ்ட் இறுதியில் அவர் ‘அழகியும் மிருகமும்’ படப்பிடிப்பைத் தொடங்கினார். பாரிஸ் விடுதலையாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நல்ல ஃபிலிம் கிடைக்கவில்லை, மின்சாரம் நினைத்தபோது போனது, துணிக்குத் தட்டுப்பாடு. காக்தோவுக்குத் தோல்நோய். முகம் முழுக்கப் புண்ணாகி நடுவில் மருத்துவமனையில் கிடந்தார். இதையெல்லாம் அவரே நாட்குறிப்பாக எழுதிப் பின்னர் புத்தகமாக வெளியிட்டார்.

ஒளிப்பதிவாளர் ஆன்றி அலெகானுக்கு அவர் கொடுத்தவை இரண்டு பெயர்கள். மிருகத்தின் கோட்டைக்கு டோரேவின் செதுக்கு ஓவியங்கள். பெண்ணின் வீட்டுக்கு வெர்மீரும் அவர் காலத்து டச்சு ஓவியர்களும். ஒரு பக்கம் கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை கிழித்துக்கொண்டு வரும். இன்னொரு பக்கம் ஜன்னல் வழியாகப் பகல் வெளிச்சம் தரையில் விழும். இரண்டே பெயரில் படத்தின் உலகம் இரண்டாகப் பிரிந்தது. மந்திரக் காட்சிகளை மங்கலாக, பனிமூட்டமாக எடுப்பதுதான் அன்றைய வழக்கம். காக்தோ அதற்கு ஒப்பவில்லை. மந்திரம் என்றால் பளிச்சென்று, தொட்டுப் பார்க்கும்படி தெரிய வேண்டும் என்று நின்றார். சுவரிலிருந்து நீண்டு மெழுகுவர்த்தி பிடிக்கும் கைகள் இன்றைக்கும் நம்மை உலுக்குவது அதனால்தான். அவை நிஜமான மனிதக் கைகள், நரம்பு தெரிகிற கைகள்.

மிருகத்தின் முகத்துக்கு வந்த கதை இன்னும் அழகு. மிருகமாக நடித்த ழான் மரே, கலைமான் தலை வைக்கலாம் என்று நினைத்தார். கொம்போடு கம்பீரமாக இருக்கும். கலை வடிவமைப்பைக் கவனித்த கிறிஸ்டியான் பெரார் மறுத்தார். மான் புல் தின்னும் பிராணி, அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள், ஜனங்கள் சிரித்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். மான் பலகையிலிருந்து இறங்கியது, ஊன் தின்னும் முகம் ஏறியது. ஒப்பனைக்குத் தினம் ஐந்து மணி நேரம் ஆனது. படத்தில் எதிரே ஒரு மான் ஓடும்போது மிருகத்தின் காதுகள் தானாக விறைத்து நிமிரும். அந்தப் பெண்ணின் முன்னால் அவன் வெட்கப்படுவதற்குக் காரணம் அந்தக் காது. பெரார் எடுத்த ஒரு முடிவிலிருந்து மொத்தப் பாத்திரமும் வந்துவிட்டது.

மெக்சிகோக்காரரான இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோ பலகைக்குப் பதில் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர். ஒரு தடவை லண்டன் டாக்சியில் அதைத் தொலைத்தார், ஓட்டுநர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நோட்டுகளிலிருந்து வந்ததுதான் 2006-இன் ‘பான்ஸ் லேபிரிந்த்’ படம். 1944-இன் ஸ்பெயின், பிராங்கோவின் ராணுவம் காட்டில் மறைந்திருக்கும் கிளர்ச்சியாளர்களை வேட்டையாடுகிறது, நடுவில் கதைப்புத்தகம் படிக்கும் ஒரு சிறுமி. தளபதியின் விருந்தில் அவன் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் கணப்பு எரிகிறது. வெளியே ஊருக்கு அளந்து ரொட்டி கொடுக்கிறார்கள். பிறகு சிறுமி நிலத்தடியில் குழந்தைகளைத் தின்னும் வெளிறிய அரக்கனைப் பார்க்கிறாள். அதே நீளமான மேஜை, நிறையச் சாப்பாடு, தலைமாட்டில் அவன், பின்னால் கணப்பு. யாரும் எதையும் விளக்குவதில்லை. ஒரே படத்தை இரண்டு இடத்தில் குத்தியிருக்கிறார், அவ்வளவுதான். ராட்சசன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

சிவப்பைக் கழற்றினால்

பலகையில் எதைக் குத்துவது என்பதைவிட எதை எடுப்பது என்பதில்தான் மறுகதையே இருக்கிறது. சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியின் கதையைச் சொன்னால் இது புரியும்.

அந்தத் தொப்பியைக் கதையில் வைத்தவர் 1697-இல் அதை அச்சில் கொண்டுவந்த சார்ல் பெரோ. பிரான்சின் கிராமங்களில் வாய்வழியாகச் சொல்லப்பட்டுப் பின்னர் சேகரிக்கப்பட்ட கதைகளில் சிவப்பு இல்லை, வேட்டைக்காரனும் இல்லை. ஓநாய் அந்தப் பெண்ணிடம் ஒரு விசித்திரமான கேள்வி கேட்கிறது. எந்த வழியில் போகிறாய், குண்டூசி வழியிலா, தையலூசி வழியிலா? யுவோன் வெர்திய என்ற மானுடவியலாளர் இதைக் கிராமத்துப் பெண்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் படித்தார். வயதுக்கு வரும் பெண்களைக் குளிர்காலத்தில் தையற்காரியிடம் அனுப்புவது அங்கே வழக்கம். குண்டூசியும் தையலூசியும் சின்னப் பெண் பெரிய பெண்ணாகும் வழியில் கிடப்பவை. கதையின் முடிவில் அவளை யாரும் காப்பாற்றுவதில்லை. கொல்லைக்குப் போக வேண்டும் என்கிறாள். ஓநாய் அவள் காலில் கயிறு கட்டி அனுப்புகிறது. அவள் கயிற்றை அவிழ்த்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள்.

இந்தக் கதைக்கு ஒரு பலகை போட்டுப் பாருங்கள். சிவப்பு அங்கி, பனி, காடு, பல் என்று ஆரம்பித்தால் நீங்கள் எழுதப்போவது ஏற்கெனவே நூறு பேர் எழுதியதாக இருக்கும். சிவப்பைக் கழற்றுங்கள். ஓர் ஊசிப் பொட்டலம், தையல் வகுப்புக்குப் போகும் பெண்ணின் பை, கொல்லையில் ஒரு மரம், மரத்தில் இறுகக் கட்டிய கயிறு. இப்போது கதையில் ஒரு புத்திசாலிப் பெண் இருக்கிறாள். முடிச்சு போடத் தெரிந்த கை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதுகூடத் தெரிகிறது.

மாலி பேங் என்ற அமெரிக்கப் படப்புத்தக ஓவியர் இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். 1991-இல் வந்த ‘பிக்சர் திஸ்’ புத்தகத்தில் இதே சிறுமியை ஒரு சிவப்பு முக்கோணமாக வைக்கிறார். காடு செங்குத்தான பட்டைகள். ஓநாய் கூரான முக்கோணங்கள். பட்டைகளைக் கொஞ்சம் சாய்த்தால் பயம் கூடுகிறது. ஓநாயின் மூக்கைக் கூர்மையாக்கினால் இன்னும் கூடுகிறது. படம் வரையத் தெரியாதவர்கள்கூட வண்ணக் காகிதத்தை வெட்டி வைத்துத் தங்கள் கதையின் பயத்தை அளந்து பார்க்கலாம். நான் பார்த்தேன். என் ராட்சசனைக் காகிதத்தில் வெட்டியபோது அவன் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, தூரத்தில் இருந்தால் போதும் என்று தெரிந்தது.

நமக்கும் கழற்ற வேண்டிய படங்கள் உண்டு. வேதாளம் என்றதும் என் தலைமுறைக்குக் கண்ணில் வருவது அம்புலிமாமாவில் கே.சி.சிவசங்கரன் என்கிற சங்கர் வரைந்த படம்தான். இருட்டு, உருவிய வாள், தோளில் வெள்ளையாகத் தொங்கும் உடல். சங்கர் 2020-இல் மறைந்தார். அவர் படத்துக்கு மரணம் கிடையாது. அவ்வளவு பெரிய படம் அது. அதனாலேயே விக்கிரமாதித்தன் கதையை யாராவது புதிதாகச் சொல்ல வந்தால் முதலில் அந்தப் படத்தை வணங்கிவிட்டுப் பலகையிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் எழுதுவது அந்த ஓவியத்துக்கு விளக்கக் குறிப்பாகத்தான் இருக்கும்.

புதிதாக எழுத வருகிறவர்கள் இப்போது என்னிடம் பலகையைக் காட்டுகிறார்கள். பெரும்பாலும் கைபேசியில். மூடுபனி, பாசி படிந்த படிக்கட்டு, முதுகு காட்டி நிற்கும் வெள்ளை கவுன் பெண். கதை கொங்கு நாட்டில் நடக்கிறது என்கிறார்கள். பின்ட்ரெஸ்டில் ஒரு படத்தைத் தொட்டால் அதைப் போலவே இன்னும் முப்பது வருகிறது. கணினியிடம் சொன்னால் படமே வரைந்து தருகிறது. அதுவும் ஏற்கெனவே உள்ள படங்களின் சாயலில்தான். அழகுக்குப் பஞ்சமே இல்லை. கேள்வி கேட்கிற படம்தான் கிடைப்பதில்லை.

நான் அவர்களிடம் வீட்டுக்குப் போய் அலமாரியின் மேல்தட்டைத் திறக்கச் சொல்கிறேன். பெரியம்மாவின் கல்யாணப் படத்தில் ஓரமாகத் தலை பாதி வெட்டுப்பட்டு நிற்பவர் யார்? மளிகைக்கடைக் காலண்டரில் லட்சுமியின் பாதத்துக்குக் கீழே யார் பென்சிலால் பால்கணக்கு எழுதியது? கதையின் நிலம் எதுவோ அங்கே ஒரு தடவை வெயிலில் நின்று படம் எடுத்துவரச் சொல்கிறேன். பலகையில் படம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. என் பலகையில் ஒரு நெல்கதிர் இருந்தது, ஆச்சியின் விசிறியிலிருந்து உதிர்ந்த ஓலைத் துண்டு இருந்தது. படத்தில் மணம் வராது, ஓலையில் வரும். கதையை ஏற்கெனவே சொன்ன சினிமாக்களின் ஸ்டில் மட்டும் ஒன்றுகூட வேண்டாம். அதில் நான் பிடிவாதம்.

இன்னொன்றும் சொல்வேன். பலகை அழகாக ஆக ஆக எழுதுவது தள்ளிப்போகும். குத்திக்கொண்டே இருக்கலாம், நாள் போவது தெரியாது. நானும் ஒரு மாதம் அப்படிப் போக்கியிருக்கிறேன். இருபது படத்துக்கு மேல் போனால் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்று என்று வைத்துக்கொண்டேன். எடுக்க மனம் வராத படத்தைப் பற்றி உடனே ஒரு பக்கம் எழுதிவிடுவேன்.

பலகையை வைத்துக்கொண்டு மொத்தப் புத்தகத்தையும் எழுதியவர் இத்தாலியின் இட்டாலோ கால்வினோ. டாரட் சீட்டுகளை மேஜைமேல் குறுக்கும் நெடுக்கும் பரப்பி, அவை எப்படிக் கூடினவோ அப்படியே கதையாகப் படித்தார். காட்டில் பேச்சை இழந்த பயணிகள் சீட்டை வைத்தே தங்கள் கதையைச் சொல்கிறார்கள். 1973-இல் அது புத்தகமாக முழுமை பெற்றது. சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்குவதிலிருந்து மீள முடியாமல் தவித்ததாகவும், விடுபடுவதற்காகவே புத்தகத்தை வெளியிட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கிளி ஜோசியக்காரரின் சீட்டுக்கட்டு ஞாபகம் வந்தது. அதிலும் முருகன், மாரியம்மன், மாதா என்று படங்கள்தானே. கிளி ஒன்றை உருவுகிறது, ஒரு வாழ்க்கை சொல்லப்படுகிறது. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருடத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தத் தொழிலே அருகிக்கொண்டு வருகிறது. கிளிக்கு அதுதான் நியாயம். என் படத்தில் இருக்கும் கிளியின் இறக்கையும் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கவனிக்க எனக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது. கவனித்த பிறகு, ராஜகுமாரன் கூண்டைத் திறந்துவிட்டால் போதும் என்று நான் எழுதிவைத்திருந்த முடிவு உதவாமல் போயிற்று. பறக்க முடியாத கிளிக்குத் திறந்த கூண்டு எதற்கு?

நாவலுக்கு அதன்பிறகு எட்டு மாதம் ஆயிற்று. தீனி வைத்தவள் யார் என்பதற்குப் பலகையில் எத்தனையோ முகங்களை மாற்றிப் பார்த்தேன். ராட்சசனின் மகள் என்று ஒரு தடவை, சிறைப்பட்ட இளவரசி என்று ஒரு தடவை. எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஆச்சியின் படம் ஒன்றைக் குத்தினேன். அறுபது வயதிருக்கும், கொல்லையில் கோழிகளுக்கு நடுவில் குனிந்து நிற்கிறாள், கேமராவைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

இப்போது கதை இப்படிப் போகிறது. ராஜகுமாரன் ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டி வந்து சேர்கிறான். விடிந்தும் விடியாத நேரம். ஆலமரத்தடியில் கிழவி ஒருத்தி முறத்தில் நெல்லில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவன் பொந்தை நோக்கிப் போகிறான். அவள் முறத்தைக் கீழே வைக்காமலேயே நிமிர்ந்து பார்க்கிறாள்.

“கொஞ்சம் இருய்யா,” என்கிறாள். “அது இன்னும் சாப்பிடல.”